மீதி டேப்பில் ஒரு பாட்டு

பாட்டுப் பதிய வருகிறவர் நீட்டும் லிஸ்டை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தால் போதும். ஆள் துணையோடு இருக்கிறவரா, தனியாக இருக்கிறவரா என்று எனக்குத் தெரிந்துவிடும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஜோடிப் பாட்டாகக் கேட்பார்கள். அவர்களுக்கு எஸ்.பி.பி.யும் ஜானகியும் சேர்ந்து பாடினால் எந்தப் படமாக இருந்தாலும் சரி. தனியாக இருக்கிறவர்களின் லிஸ்டில் ஒற்றைக் குரல் பாட்டுகளே வரிசையாக இருக்கும். அவையும் காதல் பாட்டுகள்தான், ஆனால் பாடுவது ஒருவர் மட்டும். குஷியான பாட்டு கேட்டு மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வந்த தனியாள் ஒருவரைக்கூட என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஜோடிப் பாட்டில் அவன் கேட்டதற்கு அவள் பதில் சொல்லிவிடுகிறாள். இரண்டு பேருக்கும் இடம் நிரம்பிவிட்டது, நமக்கு அங்கே வேலையில்லை. ஒற்றைக் குரல் பாட்டில் பாடுகிறவர் யாரையோ பார்த்துப் பேசுகிறார். எதிரே இருப்பவர் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை. கேட்கிறவர் அந்தப் பதில் சொல்லாத ஆளின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பாட்டு பாதி போனபிறகு பாடுகிறவரின் இடத்துக்கும் மாறிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் தனிமைதான். ஆனால் அந்த நாலு நிமிஷமும் தனிமையில் இருப்பவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள்.

1980களில் பட்டுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் ரெக்கார்டிங் கடை இருந்தது. ஒரு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு டெக், வோல்டேஜ் இறங்கினால் காப்பாற்ற ஒரு ஸ்டெபிலைசர், சுவர் நீளத்துக்கு இசைத்தட்டுகள். படவாரியாகப் பாட்டுகளை எழுதிவைத்த இரண்டு தடித்த நோட்டுகள் மேசையில் கிடக்கும். வருகிறவர்கள் அதைப் புரட்டி லிஸ்ட் எழுதுவார்கள். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், முத்துப்பேட்டை, பேராவூரணி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்தக் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். இப்படி வெளிநாட்டில் பிழைக்கும் சபுராளிகள் விடுமுறைக்கு வந்தால் பெட்டியில் சென்ட்டு பாட்டிலோடு டிடிகே, சோனி, மேக்ஸெல் பிளாங்க் கேசட்டுகளும் வரும்.

“தொண்ணூறு நிமிஷக் கேசட்டுல போட்டுடுங்கண்ணே, நெறையப் பாட்டு வரும்ல” என்பார்கள். நான் அறுபதையே கொடுக்கச் சொல்வேன். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் டேப்பு மெலிசு. அதிக நீளம் அதே கூட்டுக்குள் அடங்கவேண்டும் அல்லவா? மெலிசு டேப்பு வளைகுடாச் சூட்டில் இழுபடும், ரோலரில் சுற்றிக்கொள்ளும். பாலைவனத்தில் கேம்ப்பில் இருக்கிறவருக்குச் சிக்கிய டேப்பை எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

இந்தத் தொழிலில் அவசரப்பட முடியாது. இசைத்தட்டிலிருந்து டேப்புக்கு ஏற்றும்போது அறுபது நிமிஷக் கேசட்டுக்கு அறுபது நிமிஷம் ஆகத்தான் செய்யும். ஒவ்வொரு பாட்டுக்கும் முள்ளை வைக்கவேண்டும், லெவல் ஊசி சிவப்புக்குள் போகாமல் பார்க்கவேண்டும், பாட்டு தேய்ந்து முடியும் இடத்தில் பாஸ் பட்டனை அழுத்தவேண்டும். மெல்லிய பாட்டு என்றால் இன்னும் கவனம் தேவை. லெவலைக் குறைவாக வைத்தால் டேப்பின் இரைச்சல் குரலுக்கு மேலே வந்துவிடும். ஆகவே ஊரில் யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதை அவர்களுக்கு முன்னால் முழுசாக உட்கார்ந்து கேட்டவன் நான்.

பாட்டுப் பதிவோடு இன்னொரு வேலையும் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பேசி அனுப்புவது. கடிதம் எழுதத் தெரியாதவர்களும், எழுதினால் மனசுக்குப் போதாதவர்களும் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அதிராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் டூ-இன்-ஒன் இருக்கும். பெண்கள் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, ஒரு சின்னப் பையனிடம் கேசட்டையும் துண்டுச் சீட்டையும் கொடுத்து என்னிடம் அனுப்புவார்கள். சீட்டில், பேச்சு முடிந்த இடத்திலிருந்து மீதி டேப்பில் இன்ன பாட்டைப் போடவும் என்று இருக்கும். பேச்சு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க, கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஓட்டுவேன். குரல் வந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்கு முன்னால் என்ன பேசினார்கள் என்பதைக் கேட்கக்கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம். எத்தனையோ வீட்டுக் கேசட்டுகளில் என் காதில் விழுந்ததெல்லாம் கடைசிச் சொல் மட்டும்தான். பெரும்பாலும் ‘வச்சிடறேன்’ என்பார்கள், டெலிபோனை வைப்பது மாதிரி.

வீட்டில் டேப்ரெக்கார்டர் இல்லாதவர்கள் கடைக்கே வந்து பேசுவார்கள். பின்பக்கம் சின்ன அறை ஒன்றில் கனமான திரை போட்டு, ஃபேனை நிறுத்தி, மைக்கை மேசையில் வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். பஸ் ஹாரன் சத்தத்தை என்ன செய்தும் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஹாரனைக் குறை சொல்லி அங்கிருந்து ஒருவரும் எழுதியதில்லை. ஊர்ச் சத்தம் கேட்டது என்று சந்தோஷப்பட்டுத்தான் எழுதினார்கள்.

ஒருநாள் பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவும் மருமகளும் வந்தார்கள். மகன் குவைத்தில் டிரைவர். அந்த அம்மாவுக்கு மைக்கைப் பார்த்துத் துளிக்கூடக் கூச்சம் இல்லை. திரைக்கு வெளியே எனக்கே கேட்கும்படி பேசினார். மாடு கன்று போட்டது, கூரை மாற்றியது, பேத்திக்குக் காது குத்த வேண்டியது, பங்காளி வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது எல்லாம் வந்தது. அப்புறம் மருமகளின் முறை. “நான் நல்லா இருக்கேன். பாப்பாவும் நல்லா இருக்கு. ஒடம்பப் பாத்துக்குங்க. வேளாவேளைக்குச் சாப்புடுங்க.” அவ்வளவுதான். பிறகு சத்தமே இல்லை.

“பேசும்மா, டேப்பு ஓடுதுல்ல?” என்றார் மாமியார்.

அந்தப் பெண் என்ன பேசும்? பக்கத்தில் மாமியார், திரைக்கு வெளியே நான், நடுவில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பெட்டி. கல்யாணமான சில மாதங்களில் கிளம்பிப்போன புருஷன். அவனிடம் சொல்ல இருப்பதை இந்த மூன்றுக்கும் நடுவில் எப்படிச் சொல்வது? டெக்கை நிறுத்திவிட்டேன். காசு கொடுத்துவிட்டு மாமியார் படி இறங்கியதும், அந்தப் பெண் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கியது.

“அண்ணே, மீதி எடத்துல பாட்டுப் போடுவீங்கள்ல?”

“போடுறேம்மா. என்ன பாட்டு?”

“ஜானி படத்துல... மழையில பாடுவாங்களே.”

“காற்றில் எந்தன் கீதமா?”

“அதாண்ணே. வேற எதுவும் வேணாம்.”

மகேந்திரன் எடுத்த அந்தப் படம் 1980இல் வந்தது. ஸ்ரீதேவி பாடகியாக வருவார். கடைசிக் கட்டத்தில் கொட்டும் மழையில், கேட்க ஆளில்லாத கச்சேரியில் நின்று, வரவேண்டிய ஒருவனுக்காக அந்தப் பாட்டைப் பாடுவார். இளையராஜா இசையில் ஜானகியின் குரல். அந்த டேப்பில் இன்னும் இரண்டு பாட்டுக்கு இடம் இருந்தது. நான் அந்த ஒன்றை மட்டும் பதிந்து, மீதியை வெறுமனே விட்டேன். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் வழக்கமாக விடும் இடைவெளியைக் குறைத்து, அந்தப் பெண்ணின் கடைசிச் சொல் முடிந்து ஒரு மூச்சு விடும் நேரத்தில் பாட்டு எடுக்கும்படி வைத்தேன். அது நிறுத்திய இடத்திலிருந்துதான் பாட்டு பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த விடுமுறையில் அந்தப் பெண்ணின் புருஷன் கடைக்கு வந்தார். மேக்ஸெல் கேசட் பாக்கெட் ஒன்றை மேசைமேல் வைத்து, “இது ஒங்களுக்குண்ணே” என்றார். குவைத்தில் அவர் அறையில் எட்டு பேர், அடுக்குக் கட்டில். தமிழ் ஆட்கள் பாதி, மற்றவர்கள் கேரளாக்காரர்களும் ஆந்திராக்காரர்களும். வீட்டிலிருந்து கேசட் வந்தால் பேச்சை மட்டும் போர்வைக்குள் டேப்ரெக்கார்டரைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொள்வார்களாம். அது அவரவர் வீட்டு விஷயம், மற்றவர்கள் கேட்பதில்லை. பாட்டு தொடங்கியதும் கீழ்க்கட்டிலிலிருந்து யாராவது, “அண்ணே, சவுண்ட வைங்க” என்பார்களாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை ராத்திரிதான் அதற்கு நேரம். அந்த ஒரு பாட்டை எட்டு பேரும் கேட்பார்கள். தெலுங்குக்காரருக்கு ஒரு சொல் புரியாது, அவர்தான் ரீவைண்டு பண்ணச் சொல்லிக் கேட்பார். பாட்டு முடிந்து சற்று நேரத்துக்கு ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கமாட்டார்கள். பிறகு ஒருவர் எழுந்துபோய் எட்டு பேருக்கும் சுலைமானி டீ போடுவார். அன்றைக்குச் சம்பளப் பாக்கி, சூப்பர்வைசர் தொல்லை எதையும் யாரும் பேசமாட்டார்கள். ஊரில் அவரவர் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்பது மாதிரியான பேச்சு நடக்குமாம்.

ஒரு பெண் ஒருத்தனுக்கு அனுப்பிய பாட்டு எட்டு பேருக்கு வீட்டுக் கடிதமாக ஆகியிருந்தது. அவரே சொன்னார்: “எம் பொண்டாட்டி பேசுனது எனக்கு மட்டும்ணே. அந்தப் பாட்டு எல்லாரு பொண்டாட்டியும் பேசுனதுதான்.”

அதே அறையில் இருந்த மலையாளி ஒருவரின் கேசட்டைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லியும் கேட்டார். ‘துபாய் கத்துப் பாட்டு’. நிலம்பூர் எஸ். ஏ. ஜமீல் 1970களின் பிற்பகுதியில் எழுதிப் பாடிய, கேரள முஸ்லிம்களின் மாப்பிள்ளைப் பாட்டு வகை. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாகவே முழுப் பாட்டும் இருக்கும். தன் ஏக்கத்தை அந்த மனைவி ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் பாட்டு அது. கேட்டவர்கள் தாங்கமாட்டாமல் போக, கணவன் எழுதும் பதிலையும் ஜமீலே பாட்டாக்கினார். பேராவூரணிக்காரருக்கு மலையாளம் அரைகுறைதான். இருந்தாலும் பிரதி எடுக்கும்போது என் எதிரிலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நம் பக்கத்தில் யாரும் அப்படிப் பச்சையாக எழுதவில்லை. நம் பெண்கள் சினிமாப் பாட்டிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. சினிமாப் பாட்டு என்றால் மாமியார் எதிரிலும் கேட்கலாம்.

கடல் தாண்டிப் போனவர்கள் மட்டும்தான் தனியாக இருந்தார்கள் என்றில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து, தனியே அறை எடுத்துத் தங்கியிருந்த டீச்சர் ஒருவர் கடைக்கு வருவார். ஒருமுறை டிடிகே அறுபது ஒன்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ‘உறவுகள் தொடர்கதை’ மட்டும் பதியச் சொன்னார். 1978இல் ருத்ரய்யா எடுத்த ‘அவள் அப்படித்தான்’ படத்தில் ஜேசுதாஸ் பாடியது. ஆண்களால் காயப்பட்டுக் காயப்பட்டு யாரையும் நம்பாமல் போன ஒரு பெண்ணுக்காக, ஆவணப்படம் எடுக்க வந்த ஒருவன் பாடும் பாட்டு. படம் அன்றைக்கு ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். டீச்சரும் பார்த்திருக்கவில்லை. பாட்டு மட்டும் ரேடியோ வழியாக வந்து ஊரில் தங்கிவிட்டது.

“ஒரே பாட்டா டீச்சர்? வேற சிலதும் சேத்துக்கலாமே?” என்று கேட்டேன்.

“பாட்டு முடிஞ்ச ஒடனே எந்திரிச்சுப் போயி ரீவைண்டு பண்ண வேண்டியிருக்கு தம்பி. அதுக்குள்ள மனசு கலைஞ்சுருது.”

அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கேசட்டுக்கு ஒவ்வொரு தடவையும் இடைவெளியைச் சற்று நீட்டி வைத்தேன். ஒரே பாட்டு இடைவெளியில்லாமல் திரும்ப வந்தால் மெஷின் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் பொறுத்து வந்தால் அதே ஆள் இன்னொருமுறை சொல்வது போல இருக்கும்.

அதே காலத்தில் லாட்ஜில் தங்கியிருந்த பேங்க் கிளார்க் ஒருவரும் வருவார். அவர் லிஸ்டிலும் முதல் பாட்டு எப்போதும் ‘உறவுகள் தொடர்கதை’தான். டீச்சரின் அறைக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இரண்டு தெரு. ராத்திரி கடை மூடிவிட்டு சைக்கிளில் போகும்போது, இந்நேரம் இரண்டு ஜன்னலிலும் ஜேசுதாஸ் பாடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் நான் வாய் திறந்ததில்லை. ஒருவர் லிஸ்டை மற்றவருக்குக் காட்டுவது எங்கள் தொழிலில் துரோகம். சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். நம்மைப் போல இன்னொரு ஆள் உண்டு என்பதற்கு அந்தக் குரலே அவர்களுக்குச் சாட்சியாக இருந்தது. இத்தனை பேருக்குப் பதிந்து பதிந்து, அந்தத் தட்டில் அந்தப் பாட்டு ஓடும் வளையம் மட்டும் வெளுத்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மற்ற இடம் கன்னங்கரேல் என்று மின்னும், அந்தப் பட்டை மட்டும் சாம்பல் பூத்துத் தெரியும். கரகரப்பு தாங்காமல் போனபோது இன்னொரு தட்டைத் தேடி மெட்ராஸ்வரை போய் வாங்கிவந்தேன்.

பாட்டால் என்ன ஆகும், கேட்டு முடித்தால் மறுபடி அதே அறை, அதே சுவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கவிஞர் வாலி பலமுறை சொன்ன ஒரு விஷயத்தை அவர்களுக்குச் சொல்வேன். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர் முடிவெடுத்திருந்த நேரத்தில், பி. பி. ஸ்ரீநிவாஸ் தாம் பாடிவிட்டு வந்த புதுப்பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினார். ‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய ‘மயக்கமா கலக்கமா’. படம் 1962இல் வந்தது. கேட்ட வாலி ஊருக்குப் போகவில்லை. அதே வாலிதான் 1986இல் ‘மௌன ராகம்’ படத்துக்கு ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ எழுதினார். மனைவி தன்னை ஏற்கவில்லை, ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இருக்கிறார்கள். அந்தக் கணவனின் வாயில் வைத்த பாட்டு. அந்தப் படம் வந்தபிறகு, புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருப்பவர்களிடமிருந்தும் ஒற்றைக் குரல் லிஸ்டுகள் எனக்கு வரத் தொடங்கின. அதுவரை அவர்கள் என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கவேண்டும்.

பிறகு தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது, எம்.பி.3 வந்தது, கைபேசி வந்தது. தட்டுகளை விற்காமல் வைத்திருக்கிறேன். இப்போது கடையில் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். டேப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்து, கூட்டை மாற்றி, ஹெட்டைத் துடைத்து, ஹெட் சாய்வை அந்தக் கேசட்டுக்கேற்றபடி திருகி ஓட்டவேண்டும். கூப்பிட்டுக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். அப்பா அம்மா குரல் வேண்டும் என்பார்கள்.

போன வருஷம் ஓர் இளைஞர் அப்படி ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். அவர் அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அத்தா, அதாவது அப்பா, சவூதியில் இருந்தபோது அம்மா பேசி அனுப்பியது. “பேச்சு மட்டும் போதும்ணே. கடைசியில ஒரு பாட்டு இருக்கு, அத வெட்டிடுங்க. யூடியூப்ல அதவிட நல்லா இருக்கு” என்றார். என் கையெழுத்துதான் அட்டையில் இருந்தது.

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஹெட்போனைக் கொடுத்தேன். பேச்சு முடிகிற இடத்துக்கு ஓட்டி, வால்யூமைக் கூட்டினேன். டேப்பு வருஷக்கணக்கில் சுற்றியே கிடந்தால், ஒரு சுற்றில் இருக்கும் காந்தப் பதிவு அதை ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாக ஏறிவிடும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஓரிரு விநாடி முன்பே அதன் சாயல் மெல்லிசாகக் கேட்கும். அந்தக் கேசட்டில் அது அம்மாவின் கடைசி வாக்கியத்துக்கு அடியிலேயே கேட்டது. அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், அடியில் பாட்டு எடுத்துவிட்டது.

அவர் ஹெட்போனைக் கழற்றாமல் மறுபடி ஓட்டச் சொன்னார். “இந்தப் பாட்ட யாருண்ணே போடச் சொன்னது? அத்தாவா, அம்மாவா?”

“பேசுனவங்கதான் தம்பி சீட்டு எழுதி அனுப்புவாங்க. அவங்க பேச்சு எங்க முடியுதோ அங்கேருந்து இதுவும் அவங்க பேச்சுதான்.”

வெட்டவேண்டாம் என்றார். பேச்சையும் பாட்டையும் ஒரே ஃபைலாக வைத்து, இரைச்சலைக்கூட அதிகம் நீக்காமல், பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். கேசட்டில் பாட்டுக்குப் பிறகு வெற்று டேப்பு கொஞ்சம் இருந்தது. அதையும் சேர்த்தே ஏற்றச் சொன்னார். அவர் அத்தா ஊரில்தான் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். வால்யூம் போதுமா என்று இரண்டுமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தா வீட்டுக்கு வந்ததும் போட்டுக் காட்டப் போவதாகச் சொன்னார்.